டயாபிட்டீஸ் இன்சிபிடஸ் ஏன் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு 14 வயதில் இந்த நோய் வந்தது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து பாத்ரூம் போவான், திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் இருக்கும், அதை நின்றபடியே காலி செய்துவிட்டுத்தான் படுப்பான். சிறுநீர் குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் போகும். சுகர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம், நார்மல் என்று வந்தது. அதோடு நிம்மதியாகி மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டோம். அந்த நாட்களில் நாங்கள் கேட்ட கேள்விகள், பிறகு இதே நோய் உள்ள வீடுகளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பல வருடங்களாக இதைப் படித்தும் பக்கத்தில் இருந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

பெயரிலேயே டயாபிட்டீஸ் இருக்கிறதே, இது சர்க்கரை நோயின் ஒரு வகையா?

இல்லை. இரண்டுக்கும் பொதுவானது அதிக தாகமும் அதிக சிறுநீரும் மட்டும்தான். டயாபிட்டீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே பாய்ந்து ஓடிப்போவது என்று பொருள். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் ஓடிவிடுகிறது என்பதால் பழைய காலத்து மருத்துவர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் சில நோயாளிகளின் சிறுநீர் தேன் போல் இனிக்கிறது என்று எழுதிவைத்தார். இனிப்பது மெலிட்டஸ் ஆயிற்று, அதுதான் நாம் சர்க்கரை நோய் என்று சொல்வது. இனிப்போ வேறு சுவையோ இல்லாதது இன்சிபிடஸ். இதில் இன்சுலினுக்கோ ரத்தச் சர்க்கரைக்கோ வேலையே இல்லை.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஆபத்துகளும் நடந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு "டயாபிட்டீஸ்தானே" என்று சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு, அவருக்கு உயிர் மாதிரியான மருந்தைக் கொடுக்காமல் விட்ட சம்பவங்கள் உண்டு. அதனால்தான் 2022இல் ஹார்மோன் மருத்துவர்களும் சிறுநீரக மருத்துவர்களும் கூடிப் பெயரை மாற்றப் பரிந்துரைத்தார்கள். மூளையில் ஹார்மோன் சுரக்காத வகைக்கு வாசோபிரெசின் குறைபாடு, சிறுநீரகம் அதற்குப் பணியாத வகைக்கு வாசோபிரெசின் எதிர்ப்பு. பழைய பெயர் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இங்கே இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

சரி, உடம்புக்குள் என்னதான் கெட்டுப்போகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அத்தனையும் வெளியே போனால் ஒரு மணி நேரம்கூடத் தாங்க மாட்டோம். வடிகட்டியதில் பெரும்பகுதி உடனடியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. கடைசியில் சேகரிப்புக் குழாய்களுக்கு வந்து சேரும் நீரை உள்ளே இழுப்பதா வெளியே விடுவதா என்பதை வாசோபிரெசின் என்ற ஹார்மோன் முடிவு செய்கிறது. 9 அமினோ அமிலங்கள் கோர்த்த சின்னஞ்சிறு மூலக்கூறு அது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதைத் தயாரிக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய காம்பு வழியாக நரம்பு இழைகளுக்குள்ளேயே இறங்கி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் வந்து தங்குகிறது. ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டிப்பட்டாலே மூளை அதை உணர்ந்து, சேமித்து வைத்த ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது.

அது சிறுநீரகத்துக்கு வந்து, செல்லின் மேலிருக்கும் வி2 என்ற ஏற்பியில் பூட்டில் சாவி போல் பொருந்துகிறது. உடனே செல்லுக்குள் காத்திருந்த அக்வாபோரின்-2 என்ற நீர்க் குழல்கள் செல்லின் சுவருக்கு வந்து நிற்க, தண்ணீர் அவற்றின் வழியே உடம்புக்குத் திரும்புகிறது. அக்வாபோரின்களைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசு வாங்கினார்.

இப்போது இந்த வழியில் எங்கெல்லாம் உடையலாம் என்று பாருங்கள். மூளையில் தயாரிப்போ சேமிப்போ நின்றுபோகலாம். சிறுநீரகத்தில் பூட்டோ குழலோ வேலை செய்யாமல் போகலாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே சிதைக்கப்படலாம். நான்காவதாக, எல்லாமே நன்றாக இருந்தும் ஒருவர் அளவுக்கு மீறிக் குடிப்பதால் மூளை ஹார்மோனை அடக்கி வைக்கலாம். நான் படித்த எல்லாக் காரணங்களும் இந்த நான்கில் ஏதோ ஒன்றில் வந்து அடங்குகின்றன.

எவ்வளவு சிறுநீர் போனால் அதிகம்?

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல், அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிக்கு மேல். கடுமையாக இருப்பவர்களுக்கு 10 லிட்டர், 15 லிட்டர் என்றுகூடப் போகும். அடிக்கடி போவது வேறு, அதிகமாகப் போவது வேறு. சிறுநீர்த் தொற்று உள்ளவர் 20 தடவை போனாலும் மொத்த அளவு அதிகமாக இருக்காது. ஒரு நாள் முழுக்க அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நாங்கள் முதன்முதலில் அளந்தபோது தம்பிக்கு 9 லிட்டர் வந்தது, தப்பாக அளந்துவிட்டோம் என்று நினைத்து மறுநாள் திரும்பவும் பிடித்தோம்.

அதிகமாகத் தண்ணீர் குடித்ததால்தான் இந்த நோய் வந்ததா? தண்ணீரைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தலைகீழ். சிறுநீராகத் தண்ணீர் போய்விடுகிறது, அதனால் ரத்தம் கெட்டிப்படுகிறது, அதனால் தாகம் எடுக்கிறது, அதனால் குடிக்கிறார்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீர்தான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் சோடியம் ஏற ஆரம்பிக்கும், குழப்பம், மயக்கம், வலிப்பு என்று போகும். எங்கள் வீட்டிலேயே "படுக்கப் போகும்போது ஏன் இவ்வளவு குடிக்கிறாய்" என்று தம்பி கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். அவன் பாத்ரூம் குழாயைத் திறந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இது பழக்க தோஷம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

ஆனால் உண்மையிலேயே அதிகமாகக் குடிப்பதால் மட்டும் இதே மாதிரி சிறுநீர் போகிறவர்களும் இருக்கிறார்கள். மன நோய்களோடு சேர்ந்து வரும் கட்டுப்படுத்த முடியாத தண்ணீர் குடிப்பு ஒரு பக்கம், மூளையில் தாகத்தைக் கட்டுப்படுத்தும் இடம் பாதிக்கப்பட்டு வரும் பொய்த் தாகம் இன்னொரு பக்கம், நிறையக் குடிப்பது நல்லது என்று நம்பிப் பழகிவிட்டவர்கள் வேறு. நீண்ட நாள் அப்படிக் குடித்தால் சிறுநீரகத்தின் அடர்த்தியாக்கும் திறனும் மங்கிவிடும், அதனால் பரிசோதனையில்கூட இரண்டும் ஒன்று போலத் தெரியும். இவர்களுக்கு ஆபத்து நேர் எதிர்த் திசையில் இருக்கிறது, சோடியம் இறங்கிப்போகும். யார் எந்தப் பக்கம் என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்பதால்தான் தண்ணீரை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

மூளை சம்பந்தப்பட்ட வகைக்கு என்னென்ன காரணங்கள்?

ஹைப்போதலாமஸ், காம்பு, பிட்யூட்டரியின் பின்பகுதி, இந்தச் சிறிய பகுதியில் எது அடிபட்டாலும் வரலாம். ஆனால் கொஞ்சம் அடிபட்டால் வராது. ஹார்மோன் தயாரிக்கும் நரம்பு செல்களில் 80 முதல் 90 சதவீதம் வரை அழிந்தால்தான் வெளியே தெரியும். அதனால்தான் நோய் உள்ளே நெடுநாளாக இருந்தும் தாகம் மட்டும் "திடீரென்று போன வாரம்தான் ஆரம்பித்தது" என்று பலர் சொல்கிறார்கள்.

மூளை ஆபரேஷனும் தலைக்காயமும் முக்கியமான காரணங்கள். வண்டியில் விழுந்து தலையில் பலமாக அடிபட்டவர்களுக்கு அந்த மெல்லிய காம்பு அறுந்துவிடும் அல்லது வீங்கிவிடும். முதல் சில நாட்களில் வருவது பெரும்பாலும் தற்காலிகமானது. மயக்கத்தில் இருப்பவருக்குத் தாகம் எடுக்கிறது என்று சொல்ல வாய் இல்லை, ஆகவே ஐசியூவில் சிறுநீர்ப் பை நிறையும் வேகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்புறம் கட்டிகள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிட்யூட்டரியில் சாதாரணமாக வரும் அடினோமா கட்டி, அது பெரிதாக இருந்தாலும், ஆபரேஷனுக்கு முன்னால் இந்த நோயைத் தருவது அபூர்வம். கட்டி மெதுவாக வளர்வதால் நரம்புகள் ஈடுகொடுத்துவிடுகின்றன. பிட்யூட்டரிக் கட்டி என்று சொல்லப்பட்டவருக்குத் தொடக்கத்திலேயே இந்தத் தாகமும் இருந்தால், இது வேறு ஏதோ என்று டாக்டர்கள் யோசிக்க ஆரம்பிப்பார்கள். சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் கிரேனியோஃபாரிஞ்சியோமா, ஜெர்மினோமா ஆகிய இரண்டும் இந்த இடத்தில் வரும் கட்டிகள். வயதானவர்களுக்குப் புதிதாக இந்தத் தாகம் வந்தால் மார்பகம், நுரையீரல் போன்ற வேறு உறுப்பின் புற்றுநோய் அங்கே பரவியிருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

கட்டி என்று சொல்ல முடியாத ஊடுருவல்களும் உண்டு. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற நோயில் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் எலும்பிலும் தோலிலும் காம்பிலும் குவிந்துகொள்ளும். சார்காய்டோசிஸும் அதே போல. மூளைக்காய்ச்சல், மூளையுறைக் காசநோய் போன்ற தொற்றுகள், அந்தப் பகுதிக்கு ரத்தம் போகாமல் நிற்பது, ரத்தக் குழாய் புடைத்து வெடிப்பது, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டுப் பிட்யூட்டரி கருகிப்போகும் ஷீஹான் நோய், இவையும் பட்டியலில் உண்டு. ஷீஹானில் முன்பகுதிதான் பெரும்பாலும் அடிபடும், பின்பகுதிக்கு வருவது குறைவு.

கடைசியாக, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் செல்களைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் அழற்சி. முன்பு "காரணம் தெரியவில்லை" என்று ஒதுக்கப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறார்கள். தைராய்டு போன்ற வேறு ஆட்டோஇம்யூன் நோய் ஏற்கெனவே இருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

பிட்யூட்டரி ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது. அப்படியே நிலைத்துவிடுமா?

பலருக்கு ஒரு சில நாளில், அதிகபட்சம் சில வாரத்தில் சரியாகிவிடும். காம்பு எவ்வளவு மேலே அடிபட்டது என்பதைப் பொறுத்தது. கீழே அடிபட்டால் மேலேயுள்ள செல்கள் பிழைத்துக்கொண்டு மீண்டும் சுரக்கும், மேலே ஹைப்போதலாமஸை ஒட்டி அறுபட்டால் செல்களே செத்துவிடும்.

ஆனால் சிலருக்கு மூன்று கட்டமாக வரும், இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். முதல் நாலைந்து நாள் சிறுநீர் கொட்டும். பிறகு திடீரென்று குறைந்து எல்லாம் சரியானது போலத் தோன்றும். வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படும் நேரம் அது, ஆபத்தான நேரமும் அதுதான். செத்துக்கொண்டிருக்கும் செல்களில் சேமித்து வைத்திருந்த ஹார்மோன் முழுவதும் கட்டுப்பாடில்லாமல் கசிவதால்தான் சிறுநீர் நிற்கிறது. அந்தச் சமயத்தில் பழைய கணக்குப்படி தண்ணீரும் மருந்தும் எடுத்தால் சோடியம் சரசரவென்று இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் மூன்றாம் கட்டம், பெரும்பாலும் அது நிலைத்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரத்தில் சோடியம் டெஸ்ட் எடுக்கச் சொன்னால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தவிர்க்காதீர்கள்.

ஸ்டீராய்டு ஆரம்பித்தவுடன்தான் தாகம் வந்தது. மாத்திரைதான் காரணமா?

மாத்திரை காரணம் இல்லை, மறைந்திருந்ததை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் இல்லாதபோது சிறுநீரகம் அதிகத் தண்ணீரைச் சுலபமாக வெளியே தள்ளாது. பிட்யூட்டரி முழுதாகப் பாதிக்கப்பட்டவருக்குக் கார்ட்டிசால் குறைபாடு வாசோபிரெசின் குறைபாட்டை மறைத்துக்கொண்டிருக்கும். கார்ட்டிசாலை மாத்திரையாகக் கொடுத்ததும் திரை விலகிவிடும். அதற்காக ஸ்டீராய்டை நிறுத்திவிட வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து.

இது பரம்பரையாக வருமா?

வரலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது பிறகு வந்த நோய்தான்.

மூளை வகையில் 20ஆம் குரோமோசோமில் உள்ள வாசோபிரெசின் மரபணுவில் பிழை இருந்தால் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம், இந்தக் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாகவே இருப்பார்கள். பிழையுள்ள புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி, வருடக்கணக்கில் அந்தச் செல்லைக் கொல்கிறது. அதனால் ஒன்று முதல் ஆறு வயதுக்குள்தான் பெரும்பாலும் தாகம் தலைகாட்டும். அந்த மாதிரிக் குடும்பங்களில் "எங்கள் பாட்டியும் இப்படித்தான் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்" என்று யாராவது சொல்வார்கள். குணம் என்று நினைத்திருப்பார்கள், நோய் என்று அல்ல.

சிறுநீரக வகையில் பிறவியிலேயே வருபவர்களில் சுமார் 90 சதவீதத்துக்கு எக்ஸ் குரோமோசோமில் உள்ள வி2 ஏற்பியின் மரபணுவில் பிழை. தாய் அதைச் சுமந்திருப்பார், மகன்களுக்கு 50 சதவீத வாய்ப்பு. சுமக்கும் பெண்களில் சிலருக்கும் லேசாக இருக்கும். மீதி 10 சதவீதத்தில் அக்வாபோரின்-2 மரபணுவில் பிழை இருக்கும், இது ஆண் பெண் இருவருக்கும் வரும், பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான்.

உல்ஃப்ராம் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. அதில் சர்க்கரை நோயும் இந்த நோயும் ஒரே குழந்தைக்கு வரும், கூடவே பார்வை நரம்பு சுருங்குவதும் காது கேளாமையும். மிக அபூர்வம்.

கைக்குழந்தைக்கு இருந்தால் எப்படித் தெரியும்? அதற்குத் தாகம் எடுக்கிறது என்று சொல்லத் தெரியாதே?

பிறவி சிறுநீரக வகை முதல் சில மாதத்திலேயே தெரியும். காரணமில்லாமல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வாந்தி, மலச்சிக்கல், எடை ஏறாமை, ஓயாத அழுகை. பாலைவிடத் தண்ணீரை ஆவலாகக் குடிக்கும். டயப்பர் எப்போதும் கனத்து ஊறிப்போயிருக்கும், குழந்தையோ நீர் வற்றித் துவண்டிருக்கும். இந்த முரண்பாடுதான் அடையாளம். வயிற்றுப்போக்கினால் நீர் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து மஞ்சளாக இருக்கும், இதற்கு நீர் வற்றியும் சிறுநீர் நிறமே இல்லாமல் கொட்டும். காய்ச்சல் என்று ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதற்குள் சோடியம் திரும்பத் திரும்ப ஏறி மூளையைப் பாதிக்கும். டயப்பரைப் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறேன், சிறுநீர் நிறையப் போகிறது. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்தைப் பார்த்துக்கொடுக்கும் மனநல மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரக வகைக்கு முதல் காரணம் லித்தியம்தான். இருமுனை மனநோய்க்கு இதற்கு நிகரான மருந்துகள் குறைவு, எத்தனையோ பேர் உயிரோடு இருப்பதற்கே இது காரணம், அதனால் இதைக் கெட்ட மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. நடப்பது இதுதான். சேகரிப்புக் குழாயில் சோடியம் நுழைவதற்கென்று ஒரு வாசல் இருக்கிறது. லித்தியம் அந்த வாசல் வழியாகவே செல்லுக்குள் புகுந்து சேர்ந்துகொண்டு அக்வாபோரின்-2 உருவாவதைக் குறைத்துவிடுகிறது. ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் திரும்பச் சரியாக வாய்ப்பு உண்டு. பல வருடம் போனபின் மருந்தை நிறுத்தினாலும் பாதிப்பு தங்கிவிடலாம். அமிலோரைடு என்ற மருந்து அந்த வாசலையே அடைப்பதால், லித்தியத்தைத் தொடர வேண்டியவர்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு.

கவனமாக இருக்க வேண்டிய இடம் வாந்தி, பேதி, காய்ச்சல் வரும் நாட்கள். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகும். கை நடுக்கம் அதிகமாவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வேறு மருந்துகளில் டெமெக்ளோசைக்ளின், ஆம்ஃபோடெரிசின் பி, ஃபாஸ்கார்நெட், புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஐஃபாஸ்ஃபமைடு ஆகியவை தெரிந்தவை. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் கொடுப்பவை, அங்கேயே கண்காணிப்பார்கள்.

மருந்தும் இல்லை, பரம்பரையும் இல்லை, ஆனால் சிறுநீரக வகை என்கிறார்கள். எப்படி?

ரத்தத்தில் கால்சியமும் பொட்டாசியமும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கால்சியம் டெசிலிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் நீடித்து ஏறியிருந்தாலும், பொட்டாசியம் லிட்டருக்கு 3 மில்லிமோலுக்குக் கீழே நீடித்து இறங்கியிருந்தாலும் சிறுநீரகம் ஹார்மோனுக்குச் செவி சாய்க்காது. கால்சியம் ஏறுவதற்குப் பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு, சில புற்றுநோய்கள், வைட்டமின் டி மாத்திரையை அளவு தெரியாமல் மாதக்கணக்கில் போடுவது எல்லாம் காரணமாகலாம். இந்த இரண்டையும் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இவை சரிசெய்யக்கூடியவை. இந்த அளவுகள் சீரானால் பல நேரங்களில் சிறுநீரகமும் தன் வேலைக்குத் திரும்பிவிடும்.

கல்லினாலோ ப்ராஸ்டேட் வீக்கத்தாலோ சிறுநீர்ப் பாதை நெடுநாள் அடைபட்டிருந்து திறந்துவிட்டாலும் சில நாட்கள் வெள்ளமாகப் போகும். சிக்கிள் செல் நோய், அமைலாய்டு படிவு, ஷோக்ரன் நோய், நீர்க்கட்டிச் சிறுநீரகம் இவற்றிலும் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறையும்.

கர்ப்பத்தில் வந்தது. குழந்தைக்கு ஆபத்தா, எனக்கு நிரந்தரமாகிவிடுமா?

பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் வரும், பிரசவமாகி சில வாரத்தில் தானாகப் போய்விடும். நஞ்சுக்கொடி சுரக்கும் வாசோபிரெசினேஸ் என்ற என்சைம் தாயின் ஹார்மோனை வெட்டிப் போட்டுவிடுகிறது. எல்லாக் கர்ப்பத்திலும் இந்த என்சைம் உண்டு, உடம்பு கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். இரட்டைக் குழந்தை என்றால் நஞ்சுக்கொடி பெரிது, என்சைமும் அதிகம். ஏற்கெனவே லேசான குறைபாடு இருந்து தெரியாமல் இருந்தவர்களுக்கும் அப்போதுதான் வெளிப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது கல்லீரல். அந்த என்சைமை அழிப்பது கல்லீரல் என்பதால், கர்ப்ப காலக் கல்லீரல் கொழுப்பு நோய், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் பிரீஎக்ளாம்ப்சியா போன்றவை இருக்கும்போது இந்தத் தாகம் சேர்ந்து வரலாம். கர்ப்பத்தில் சிறுநீர் அதிகம் போவது சகஜம்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மையும்கூட. ஆனால் ஒரு நாளில் 3 லிட்டரைத் தாண்டினால், ராத்திரி முழுக்கத் தாகத்தால் விழித்திருந்தால், ரத்த அழுத்தத்தோடு கல்லீரல் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மாற்று ஹார்மோனான டெஸ்மோபிரெசினை அந்த என்சைமால் வெட்ட முடியாது, கர்ப்பத்தில் அதைக் கொடுக்கிறார்கள்.

காபி, மது, மன அழுத்தம் இதனால் வருமா?

வராது. மது அந்த நேரத்துக்கு வாசோபிரெசினை அடக்கும், காபி கொஞ்சம் சிறுநீரைக் கூட்டும், இரண்டும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாகத் தங்காது. உப்பு மட்டும் வேறு விஷயம். அது காரணம் இல்லை என்றாலும், சிறுநீரக வகை உள்ளவர்களுக்கு உப்பு கூடினால் சிறுநீரின் அளவும் கூடும், ஏனென்றால் அந்த உப்பை வெளியேற்ற அவர்களுக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் ரத்தச் சர்க்கரை, சோடியம், கால்சியம், பொட்டாசியம், 24 மணி நேரச் சிறுநீர், அதன் அடர்த்தி. அதன்பின் பழைய முறை, தண்ணீர் கொடுக்காமல் வைத்துப் பார்க்கும் பரிசோதனை. மணிக்கு மணி எடை பார்ப்பார்கள், சிறுநீரை அளப்பார்கள், எடை 3 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ சோடியம் ஏறினாலோ நிறுத்திவிடுவார்கள். கடைசியில் டெஸ்மோபிரெசின் கொடுத்ததும் சிறுநீர் நன்றாக அடர்த்தியானால் மூளை வகை, அசையவே இல்லை என்றால் சிறுநீரக வகை. தம்பிக்கு எடுத்த நாளில் அவன் உதடு வெடித்துப்போய், நர்ஸ் கை கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது கோபெப்டின் என்ற ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. வாசோபிரெசினோடு சேர்ந்தே வெளிவரும், ஆனால் அளப்பதற்குச் சுலபமான ஒரு துண்டு அது. தண்ணீர் நிறுத்தாமலேயே இதன் அளவு லிட்டருக்கு 21.4 பிக்கோமோலுக்கு மேல் இருந்தால் சிறுநீரக வகை என்று சொல்லிவிடலாம். மூளை வகைக்கும் அதிகக் குடிப்புக்கும் வித்தியாசம் பார்க்க, அடர் உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றிவிட்டு அளக்கிறார்கள், பழைய முறையைவிட இது துல்லியம் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூளை வகை என்றால் எம்ஆர்ஐ கட்டாயம். பிட்யூட்டரியின் பின்பகுதி சாதாரணமாக ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும், சேமித்து வைத்த ஹார்மோன் அது. இந்த நோயில் பெரும்பாலும் அந்தப் புள்ளி இருக்காது.

காரணம் எதுவானால் என்ன, மருந்து ஒன்றுதானே?

ஒன்று இல்லை. மூளை வகைக்கு டெஸ்மோபிரெசின் ஸ்ப்ரேயோ மாத்திரையோ அழகாக வேலை செய்யும். பிறவிச் சிறுநீரக வகைக்கு அது அனேகமாகப் பயன்படாது, அங்கே உப்பைக் குறைத்து, தயாசைடு போன்ற சிறுநீர் பெருக்கி மாத்திரையைக் கொடுக்கிறார்கள். சிறுநீர் அதிகம் போகிறவருக்குச் சிறுநீர் பெருக்கியா என்று கேட்கத் தோன்றும். அது உடம்பில் உப்பையும் நீரையும் லேசாகக் குறைப்பதால், சிறுநீரகம் முன்பகுதியிலேயே அதிகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கடைசிக் குழாய்க்கு வருவது குறையும். அதிகமாகக் குடிப்பவருக்கோ டெஸ்மோபிரெசினே ஆபத்து, தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சோடியம் இறங்கிவிடும்.

எல்லா டெஸ்டும் எடுத்தும் காரணம் தெரியவில்லை என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

விடக் கூடாது. மூளை வகையில் கணிசமானவர்களுக்கு முதல் தடவையில் காரணம் கிடைப்பதில்லை. பெரியவர்களில் பலருக்குக் கடைசி வரை எதுவும் கிடைக்காமலே போகலாம், அவர்கள் மருந்தோடு நன்றாகவே இருப்பார்கள். ஆனால் குழந்தைகளிலும் இளைஞர்களிலும் "தெரியவில்லை" என்பதை "இன்னும் தெரியவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மினோமா ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளர்வதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே தாகத்தைக் கொடுத்துவிடும். அதனால் தொடக்க வருடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போல எம்ஆர்ஐயைத் திரும்ப எடுத்து, காம்பு தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடவே பிள்ளையின் உயரம் நின்றுவிட்டதா, பருவ வளர்ச்சி தள்ளிப்போகிறதா, பார்வை குறைகிறதா என்பதையும் கவனிக்கச் சொல்வார்கள்.

தம்பிக்கு முதல் ஸ்கேனில் அந்த வெள்ளைப் புள்ளி இல்லை என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. ஸ்ப்ரே கொடுத்தார்கள், ராத்திரி எழுந்திருப்பது நின்றது, பள்ளிக்கூடம் போனான், இரண்டாவது ஸ்கேனும் சுத்தமாக வந்தது. மூன்றாவது எதற்கு என்று வீட்டில் பேச்சு வந்தது, அம்மாதான் ஒற்றைக் காலில் நின்று அழைத்துப் போனார். அதில் காம்பு தடித்திருந்தது. சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில் ஜெர்மினோமா என்று தெரிந்தது. கதிர்வீச்சுக்கு அது நன்றாகக் கரையும் கட்டி, கரைந்துவிட்டது. அழிந்த செல்கள் திரும்பி வரவில்லை, அதனால் காலையும் ராத்திரியும் ஸ்ப்ரே தொடர்கிறது. இப்போது 23 வயது. வெளியே கிளம்பும்போது ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டாயா என்று இன்றும் வாசலில் நின்று கேட்பது அம்மாதான்.